சபை சிதறிய பின் ரபி யாருக்கு ரபி?

நாஜி ஜெர்மனியிலிருந்தும், பின்னர் அதன் பிடியில் சிக்கிய நாடுகளிலிருந்தும் தப்பிச் சென்ற யூத மதத்தலைவர்கள், போய்ச் சேர்ந்த நாட்டில் எப்படி மறுபடியும் தலைவர்கள் ஆனார்கள் என்பது கேள்வி. அகதியாகப் போன மருத்துவர் தேர்வெழுதித் தொழிலைத் தொடரலாம், தையற்காரர் ஊசியைக் கையில் எடுத்தால் போதும், ஒரு ரபி எதைக் கொண்டு தொடங்குவார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டாம் பகுதிக்கு விடை கிடைத்தால் முதற்பகுதி தானாகவே விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரபி என்பவர் நம் கோயில் அர்ச்சகரைப் போன்றவரும் அல்லர், கத்தோலிக்கப் பாதிரியாரைப் போன்றவரும் அல்லர். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதோடு பலி செலுத்தும் குருமார்களின் பணி நின்றுபோயிற்று. அதன் பிறகு யூத வழிபாட்டுக்கு இன்றியமையாதது குரு அன்று, கூட்டம்தான். மரபுப்படி வயதுவந்த பத்து ஆண்கள் சேர்ந்தால் அது மின்யன். ரபி ஒருவரும் இல்லாமலே அவர்கள் கூட்டு வழிபாட்டை முழுமையாக நடத்தலாம். ரபி சட்டம் கற்றவர், ஐயம் வந்தால் தீர்ப்புச் சொல்பவர், கற்பிப்பவர். அவருக்குப் பட்டத்தைத் தருவது கல்வி, அதிகாரத்தைத் தருவது அவர் சொல்லைக் கேட்பதற்கு இசைந்த ஒரு சபை. சபை சிதறிவிட்டால் பட்டம் கையில் இருக்கும், அதிகாரம் இருக்காது. ஆகவே அகதி ரபிகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, சபையும் அவரோடு பெயர்ந்து வந்ததா, இல்லை அவர் மட்டும் தனியாக வந்தாரா என்பதைத்தான். அந்த ஒன்றே பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது.

ஜெர்மனியில் இந்த இழப்பு இன்னும் கூர்மையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே யூத சமூகம் ஒவ்வொரு நகரிலும் சட்டப்படி அமைந்த பொதுக்கழகமாக இருந்தது. உறுப்பினர்களிடமிருந்து வரி திரட்டும் உரிமை அதற்கு இருந்தது. ரபிக்கு ஒழுங்கான சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன. பல்கலைக்கழக முனைவர் பட்டமும் ரபிப் பட்டமும் ஒருங்கே பெற்ற அவரை ஊரார் ‘ஹெர் டாக்டர்’ என்று விளித்தார்கள். 1938 மார்ச் மாதச் சட்டம் ஒன்று அந்தப் பொதுக்கழகத் தகுதியைப் பறித்தது. அதே ஆண்டு நவம்பர் 9, 10 தேதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது நொறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் டாகாவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுள் ரபிகள் பலர் இருந்தனர். நாட்டைவிட்டு வெளியேறுவதாக எழுதிக் கொடுத்தவர்கள் தலை மழிக்கப்பட்ட கோலத்தில் வீடு திரும்பினார்கள்.

திரும்பியவர்களுக்கு முன்னால் நின்ற கேள்வி கொடியது. ஊரில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், விசா கிடைக்காதவர்கள், ஏழைகள். அவர்களை விட்டுவிட்டு ரபி கப்பல் ஏறலாமா? ஹாம்பர்க் நகரின் தலைமை ரபி யோசப் கார்லபாக், மூத்த பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் தங்கினார். 1942 மார்ச்சில் ரீகாவுக்கு அருகே மனைவியோடும் மூன்று மகள்களோடும் கொல்லப்பட்டார். பெர்லினில் ஜெர்மானிய யூதர்களின் தேசிய அமைப்புக்குத் தலைவராக இருந்த லியோ பெக், 1939இல் குழந்தைகள் சிலரை இங்கிலாந்தில் சேர்த்துவிட்டு பெர்லினுக்கே திரும்பினார். ஆனால் போனவர்களைக் கோழைகள் என்று எண்ணுவது தவறு. குடும்பத்தையும் சிறு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஒரு முறை டாகாவைப் பார்த்து வந்தவர் எடுத்த முடிவை, பாதுகாப்பான நாற்காலியில் உட்கார்ந்து எடைபோட நமக்கு உரிமை இல்லை. போனவர்களில் பலர் அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் தம்மோடு தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

அமெரிக்காவுக்குப் போவதற்கு ரபிகளுக்கென்று ஒரு சிறு கதவு இருந்தது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை வரையறுத்திருந்தது; ஆனால் அதன் நான்காம் பிரிவில் இருந்த ஓர் உட்பிரிவு, மதப்பணியாளர்களையும் கல்லூரிப் பேராசிரியர்களையும் அந்த எண்ணிக்கைக்கு வெளியே அனுமதித்தது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதே பணியில் இருந்திருக்க வேண்டும், வருவதும் அதே பணியைச் செய்வதற்காக மட்டுமே இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். எவ்வளவு நியாயமாகத் தோன்றும் நிபந்தனைகள்! ஜெப ஆலயத்தை எரித்து, சபையைக் கலைத்து, ரபியை முகாமில் அடைத்தவர்களின் நாட்டில் ‘தொடர்ந்து பணி’ என்பதை எப்படி நிறுவுவது? வரவேற்கத் தயாராக ஒரு சபையோ கல்லூரியோ சம்பள உறுதியோடு கடிதம் தரவும் வேண்டும். பெருமந்தத்தின் பாதிப்பிலிருந்து மீளாத அமெரிக்கச் சபைகள் தம் சொந்த ரபிக்கே சம்பளம் தரத் திணறிய காலம் அது.

இந்த இடத்தில் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் உள்ள ஹீப்ரு யூனியன் கல்லூரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் தலைவர் ஜூலியன் மார்கன்ஸ்டர்ன், ஐரோப்பிய யூத அறிஞர்களுக்கு வேலைக்கடிதம் அனுப்பி அழைத்துக்கொள்ளும் திட்டத்தை மேற்கொண்டார். வந்தவர்களும் உண்டு, வர முடியாமற்போனவர்களும் உண்டு. பெர்லின் அரசு நூலகத்தில் எபிரேயப் பிரிவைக் கவனித்து வந்த அறிஞர் ஆர்தர் ஷ்பானியருக்கும் அழைப்புப் போயிற்று. அவர் கற்பித்த பெர்லின் யூத உயர்கல்விக்கூடத்தை நாஜிகள் உயர்கல்வித் தகுதியிலிருந்து வெறும் ‘பயிற்சி நிலையம்’ என்ற தகுதிக்கு இறக்கியிருந்தார்கள். கீழ்நிலைக் கல்விக்கூடத்திலிருந்து வருபவரைப் பேராசிரியராக ஏற்க முடியாது என்பது விசாவை மறுக்க ஒரு காரணமாயிற்று. நாஜிகள் இழிவுபடுத்தச் செய்த பெயர்மாற்றத்தை அமெரிக்க அலுவலகம் ஒரு தகுதிச் சான்றாக எடுத்துக்கொண்டது என்பதைப் படித்த நாள் முதல் என்னால் மறக்க முடியவில்லை. ஷ்பானியர் ஹாலந்துக்குத் தப்பினார். அங்கே பிடிபட்டு பெர்கன்–பெல்சன் முகாமில் இறந்தார்.

அதே கல்லூரியின் அழைப்பால் பிழைத்தவர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல். 1907இல் வார்சாவில், பக்தியையும் குருவையும் மையமாகக் கொண்ட ஹசிதிய மரபின் குருபரம்பரை ஒன்றில் பிறந்து, பெர்லினில் தத்துவம் பயின்று, தீர்க்கதரிசிகளைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 1938 அக்டோபர் இறுதியில் போலந்துக் குடியுரிமை கொண்ட யூதர்களை ஜெர்மனி ஒரே வீச்சில் நாடுகடத்தியபோது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த அவரும் எல்லைக்கு அனுப்பப்பட்டார். வார்சாவில் சில மாதங்கள் கற்பித்துவிட்டு, ஹிட்லரின் படை நுழைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன் லண்டனுக்குப் புறப்பட்டார். 1940 மார்ச்சில் நியூயார்க்கை அடைந்தார். தாயும் சகோதரிகளும் வார்சாவிலும் வியன்னாவிலும் நின்றுவிட்டார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள அவர் செய்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை.

சின்சினாட்டியில் அவருக்கு மாணவர் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. உயிரைக் காப்பாற்றிய அந்தக் கல்லூரி சீர்திருத்த யூத மரபைச் சேர்ந்தது; அதன் உணவுக்கூடத்தில் கோஷர் எனும் யூத உணவு விதிப்படி சமைப்பதில்லை. ஹசிதிய வீட்டுப் பிள்ளையான ஹெஷல், தமக்கான உணவைத் தம் அறையிலேயே வைத்துச் சாப்பிட்டுவந்தார். உயிர் தந்தவர்களிடம் நன்றி, ஆனால் அவர்களுடைய பந்தியில் உட்கார முடியாத நிலை: அகதி மதத்தலைவரின் வாழ்வை இதைவிடத் தெளிவாக எந்தப் பெரிய நிகழ்ச்சியும் எனக்குக் காட்டியதில்லை. ஆங்கிலமும் அவருக்கு அங்கேதான் கைவரத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1945இல் நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரிக்கு மாறினார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் யிட்டிஷ் ஆய்வு நிறுவனமான யீவோவில், அழிந்துகொண்டிருந்த கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அகவாழ்வைப் பற்றி யிட்டிஷ் மொழியில் உரையாற்றினார். உரை முடிந்ததும் அரங்கில் இருந்தவர்கள், மதப்பற்று இல்லாதவர்கள் உட்பட, தாமாக எழுந்து இறந்தோருக்கான கதீஷ் மன்றாட்டைச் சொன்னார்கள் என்று அந்நாளைப் பற்றிக் கூறுவதுண்டு. வார்சாவில் பிறந்த அந்த ரபிக்கு அமெரிக்காவில் உண்மையான சபை அன்றுதான் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். பின்னாளில் 1965இல் செல்மாவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்ததை நினைவுகூர்ந்து, தம் கால்கள் மன்றாடுவதாக உணர்ந்தேன் என்று அவர் சொன்னது பலருக்கும் தெரியும். தம்மைக் குறித்து அவர் சொன்ன இன்னொரு சொல், தம் மக்கள் எரிந்த நெருப்பிலிருந்து பறித்தெடுக்கப்பட்ட கொள்ளி என்பது.

தனியாக வந்தவர்களில் இன்னொருவர் யோவாகிம் பிரின்ஸ். 1926இல், 24 வயதில், பெர்லினில் ரபியானவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாள் முதல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று மேடையிலிருந்து வெளிப்படையாகச் சொல்லி வந்தார், பல முறை கைதானார், 1937இல் வெளியேற்றப்பட்டார். பெர்லினில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அமெரிக்காவிலோ ரபி என்பவர் ஒப்பந்தத்துக்கு அமர்த்தப்படும் பணியாளர். ஒவ்வொரு சபையும் தனித்த சங்கம். அதன் நிர்வாகக் குழு நேர்காணல் வைக்கும், சோதனையாக ஓர் உரை நிகழ்த்தச் சொல்லும், பிடித்தால் எடுக்கும். வாழ்நாள் பதவியில் இருந்த ஒருவர் வேற்றுமொழியில் உரையாற்றி வேலை தேட வேண்டும். பிரின்ஸ் 1939இல் நியூஜெர்சி மாநில நியூவர்க் நகரின் பினெய் ஆபிரகாம் சபையில் அமர்ந்தார். அங்கேயே பல பத்தாண்டுகள் பணியாற்றினார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைச் சொல்வதற்குச் சற்று முன்னால் அதே மேடையில் பேசியவர் இவர்தான். ஹிட்லர் ஆட்சியில் பெர்லின் யூதர்களின் ரபியாக இருந்தபோது தாம் கற்றதில் தலையாயது, வெறுப்பு அன்று, வாய்மூடி இருப்பதே மிகக் கேவலமான சிக்கல் என்பதுதான் என்று அவர் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூடிய இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் சொன்னார். பெர்லின் அனுபவத்தை வெறும் துயரக் கதையாக அல்லாமல், புதிய நாட்டின் பொதுவாழ்வில் பேசுவதற்கான தகுதியாக அவர் மாற்றிக்கொண்டார்.

இனிச் சபையோடு வந்தவர்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. ஜெர்மானிய யூத அகதிகள் அங்கே அவ்வளவு நெருக்கமாகக் குடியேறியதால் அதற்கு ‘ஹட்சன் கரை ஃபிராங்க்ஃபர்ட்’ என்ற பெயரே வழங்கிற்று. ஃபிராங்க்ஃபர்ட்டில் யெஷிவா எனும் மறைநூல் கல்விக்கூடத்தை நடத்திய யோசப் பிராயர், நவம்பர் 1938க்குப் பின் ஆண்ட்வெர்ப் வழியாக 1939இல் நியூயார்க் வந்தபோது, அவருடைய ஊராரில் பலர் அங்கே முன்னமே இருந்தார்கள். அவருடைய தாய்வழிப் பாட்டனார் சாம்சன் ரஃபாயல் ஹிர்ஷ் 19ஆம் நூற்றாண்டில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கட்டியெழுப்பிய சபையின் மாதிரியிலேயே பிராயர் இங்கே ஒன்றை நிறுவினார். முதலில் வழிபாடு, பிறகு சடங்குக் குளியல் தொட்டி, கோஷர் மேற்பார்வை, 1944இல் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓர் ஊருக்கு வேண்டிய அனைத்தும் வந்தன. பாடும் மெட்டு, எழுந்து நிற்கும் இடம், பண்டிகை வரிசை எல்லாம் ஃபிராங்க்ஃபர்ட் வழக்கப்படியே. இறைச்சி பழுதற்ற கோஷராக இருக்க வேண்டும் என்று எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறோமோ, அதே கண்டிப்போடு கொடுக்கல் வாங்கலும் பழுதற்ற நேர்மையோடு இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை, கடை வைத்துப் பிழைக்கத் தொடங்கிய ஏழை அகதிகளின் நடுவிலிருந்து வந்த அறிவுரையாகப் படிக்க வேண்டும். 1980இல் மறையும்வரை அந்தச் சபைக்கு அவரே ரபி.

ஹசிதிய குருமார்கள் இதே வழியில் இன்னும் தொலைவு போனார்கள். லுபாவிச் கிளையின் ரெப்பே (ஹசிதிய குரு) யோசப் யிட்சக் ஷ்னியர்சன், வார்சா முற்றுகையிலிருந்து மீட்கப்பட்டு, ரீகா வழியாக 1940 மார்ச்சில் நியூயார்க் துறைமுகத்தில் சக்கர நாற்காலியில் இறக்கப்பட்டார். அமெரிக்கா வேறு மாதிரியான நாடு, இங்கே பழைய அனுஷ்டானம் நடக்காது என்று சொன்னவர்களுக்கு அவர் தந்த விடை, ‘அமெரிக்காவும் வேறல்ல’ என்பது. அதே ஆண்டு புரூக்ளினில் ஈஸ்டர்ன் பார்க்வே 770ஆம் எண் கட்டடம் அவர் இல்லமும் தலைமையிடமும் ஆயிற்று. சாட்மர் ரெப்பே யோவேல் டைட்டல்பாமின் மீட்பு இன்னும் விந்தையானது: யூதருக்குத் தனிநாடு வேண்டும் என்ற சியோனியத்தை வாழ்நாள் முழுதும் எதிர்த்த அவர், ஹங்கேரியச் சியோனியரான காஸ்ட்னர் நாஜிகளோடு பேரம் பேசி ஏற்பாடு செய்த ரயிலில் பெர்கன்–பெல்சன் வழியாக 1944 டிசம்பரில் சுவிட்சர்லாந்தை அடைந்தார். போருக்குப் பின் வில்லியம்ஸ்பர்க்கில் அவரைச் சூழ்ந்து எழுந்த சமூகம் இன்று உலகின் மிகப் பெரிய ஹசிதிய சமூகங்களில் ஒன்று.

ஒரு யெஷிவா முழுவதும் ஆசிரியர், மாணவர்களோடு சேர்ந்து உலகைச் சுற்றிய கதையைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். போலந்தின் மீர் ஊரைச் சேர்ந்த யெஷிவா 1939இல் லித்துவேனியாவுக்கு ஓடியது. அதைச் சோவியத் ஒன்றியம் விழுங்கியபோது, கவ்னாஸ் நகரில் டச்சுப் பிரதிநிதி யான் ஸ்வார்ட்டண்டைக் கரீபியனில் உள்ள குராசாவுக்குப் போக விசா தேவையில்லை என்று எழுதித் தந்தார். அதைக் காட்டி ஜப்பானியத் துணைத்தூதர் சியூனே சுகிஹாராவிடம் வழிப்போக்கு விசா பெற்று, சைபீரிய ரயிலில் விளாடிவாஸ்டாக் சென்று, கப்பலில் த்சுருகா துறைமுகத்தில் இறங்கி, 1941 தொடக்கத்தில் ஏறத்தாழ 300 பேர் கோபே நகரை அடைந்தார்கள்.

கோபேயில் அவர்களுக்கு ஒரு புதுச் சிக்கல் எழுந்தது. இன்று என்ன கிழமை? சனிக்கிழமை ஓய்வுநாளில் விளக்கேற்றாமல், எழுதாமல், பயணம் போகாமல் இருப்பவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி அன்று. உலகத்தார் வரைந்த சர்வதேசத் தேதிக்கோடு பசிபிக் நடுவே போகிறது. ஆனால் யூத சட்டப்படி நாள் மாறும் கோடு எங்கே? இன்றைய இஸ்ரேலின் பினெய் பிராக்கில் வாழ்ந்த, ஹசோன் ஈஷ் என்று அறியப்பட்ட ஆபிரகாம் யெஷாயா கரெலிட்ஸ், அது எருசலேமுக்குக் கிழக்கே 90 பாகையில் உள்ளது என்று கருதினார். அவ்வாறெனில் ஜப்பான் அந்தக் கோட்டுக்கு அப்பால் விழும். ஊரார் ஞாயிறு என்பதுதான் அங்கே ஓய்வுநாள். எருசலேமில் கூடிய ரபிகள், ஊர் வழக்கப்படி புதன்கிழமை யோம் கிப்பூர் எனும் பாவமன்னிப்பு நாளின் நோன்பு இருங்கள் என்றார்கள். ஹசோன் ஈஷோ, புதனன்று உண்ணுங்கள், வியாழனன்று நோன்பு இருங்கள், எதற்கும் கவலைப்படாதீர்கள் என்று தந்தி அனுப்பினார். வாரந்தோறும் சனி, ஞாயிறு இரண்டையுமே எச்சரிக்கையோடு கடைப்பிடித்தவர்கள் உண்டு. நாட்டை இழந்தவர்கள், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியாதவர்கள், கிழமையைக்கூட இழந்துவிடக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் நுணுக்கமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் இருக்கும்வரை ரபியின் பணி நிற்கவில்லை என்பதற்கு அந்தத் தந்தியே போதும்.

அந்த யோம் கிப்பூருக்கு முன்பே யெஷிவாவின் பெரும்பகுதி ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டது. ஷாங்காய் அந்தக் கோட்டுக்கு இப்பால் இருந்ததால் கிழமைச் சிக்கல் தீர்ந்தது. பாக்தாத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்து ஷாங்காயில் செல்வரான சைலஸ் ஹார்டூன் 1920களில் கட்டியிருந்த பெத் அஹரோன் ஜெப ஆலயம், அதுவரை பெரிதும் ஆளின்றிக் கிடந்தது. மீர் மாணவர்கள் போர் முடியும்வரை அங்கே யூத சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் ஓதினார்கள். போதிய நூல்கள் இல்லாதபோது, கையிலிருந்த பிரதிகளைக் கல்லச்சு முறையில் ஷாங்காயிலேயே மறுஅச்சிட்டார்கள். போருக்குப் பின் நியூயார்க்குக்கும் எருசலேமுக்கும் பிரிந்து போனார்கள். எருசலேமின் மீர் யெஷிவாவில் இன்று பல்லாயிரம் பேர் பயில்கிறார்கள். லித்துவேனிய மரபின் இன்னொரு தலைவரான ஆரோன் கோட்லர் 1941இல் அமெரிக்கா அடைந்து, 1943இல் நியூஜெர்சியின் லேக்வுட்டில் 15 பேருக்கு மேற்படாத மாணவர்களோடு தொடங்கியதும் இன்று அவ்வாறே பெருகி நிற்கிறது.

பிரிட்டனின் நிலை வேறு. அங்கே வந்தவர்கள் முதலில் கற்க வேண்டியிருந்தது அடக்கிப் பேசுவதை. அகதிகளுக்கென அச்சிட்டுத் தரப்பட்ட சிறு கையேடு, தெருவில் ஜெர்மன் பேசாதீர்கள், உரக்கப் பேசாதீர்கள் என்று அறிவுறுத்தியது. மொழியே தொழிலாக இருந்த ரபிக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று எண்ணிப் பாருங்கள். லண்டனில் பெல்சைஸ் பகுதியில் ஜெர்மானிய அகதிகள் 1939இல் தொடங்கிய சபையில், டாகாவிலிருந்து மீண்ட ஃபிராங்க்ஃபர்ட் ரபி கியார்க் சால்ஸ்பெர்கர் ஜெர்மன் மொழியிலேயே உரையாற்றினார். பெர்லினின் ஃபசானன் தெரு ஜெப ஆலயத்தில் தலைமைப் பாடகராக இருந்த மாக்னஸ் டேவிட்சன் அங்கே பாடினார். 19ஆம் நூற்றாண்டு பெர்லின் இசையமைப்பாளர் லெவண்டோவ்ஸ்கியின் மெட்டுகள் அந்தச் சபையில் தொடர்ந்து ஒலித்தன. வெளியே ஒலிக்கக் கூடாத மொழி உள்ளே மன்றாட்டின் மொழியாக இருந்தது. 1940இல் பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 27,000 ‘எதிரிநாட்டு அந்நியர்களை’ அடைத்துவைத்தபோது, ஹிட்லரின் முகாமிலிருந்து தப்பி வந்த ரபிகளும் மான் தீவின் கம்பிவேலிக்குள் போனார்கள். பெர்லினிலிருந்து வந்த வெர்னர் வான் டெர் சைல் அவர்களுள் ஒருவர்.

போர் முடிந்த பின் ஜெர்மனியிலேயே அமைந்த அகதிகள் முகாம்களில் ரபிகளின் பணி வேறு விதமாக இருந்தது. கணவன் எங்கே எப்படி இறந்தான் என்று தெரியாத பெண் மறுமணம் செய்ய யூத சட்டம் எளிதில் இடம் தராது, சாட்சி வேண்டும். சாட்சிகள் உட்பட எல்லாரையும் கொன்ற ஒரு கொலைக்குப் பின் ரபிகள் குழுக்களாக அமர்ந்து, ஒற்றைச் சாட்சியின் சொல்லையும், எந்த நாளில் எந்த வரிசையில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்ற செய்தியையும் வைத்து, அந்தப் பெண்களை விடுவித்தார்கள். அப்படித் தீர்ப்புச் சொன்னவர்களே மனைவி மக்களை இழந்தவர்கள். கிளாவ்சன்பர்க் ரெப்பே யெகுதியேல் யெகுதா ஹால்பர்ஸ்டாம் மனைவியையும் பதினொரு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். யோம் கிப்பூர் முன்மாலையில் தந்தை பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி கூறுவது வழக்கம். போருக்குப் பிந்தைய முதல் யோம் கிப்பூர் அன்று, பவேரியாவின் அகதி முகாமில், தனக்கு ஆசி கூறத் தந்தை இல்லை என்று ஒரு சிறுமி அவர் கதவைத் தட்டினாள் என்றும், அவர் அவளுக்குத் தந்தையாக நின்று ஆசி கூறினார் என்றும், செய்தி பரவி அடுத்தடுத்து அநாதைச் சிறுமிகள் வந்து வரிசையில் நின்றார்கள் என்றும் அவருடைய வழியினர் இன்றும் சொல்வார்கள். பின்னர் அவர் இஸ்ரேலின் நெதன்யாவில் ஒரு குடியிருப்பையும் மருத்துவமனையையும் நிறுவினார். அதே முகாம்களில், டாகாவிலிருந்து மீண்ட ரபி சாமுவேல் ஷ்னீக்கும் அவரது தோழர்களும் அமெரிக்கப் படையிடம் கேட்டுப் பெற்ற தாளில், ஹைடல்பெர்க் அச்சகத்தில் முழுத் தல்மூதும் அச்சாயிற்று. 19 தொகுதிகள் கொண்ட அப்பதிப்பின் முகப்பில் கீழே முள்வேலியும் முகாமும், மேலே பேரீச்ச மரங்களும் வரையப்பட்டிருக்கும்.

முன்பு பெர்லினுக்குத் திரும்பிய லியோ பெக் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1943 ஜனவரியில் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 70 வயதில் குப்பை வண்டி இழுத்தார். இரவில் பிளேட்டோவையும் கான்ட்டையும் பற்றி இருட்டில் பேசினார். ஆஷ்விட்ஸில் நடப்பதை ஒரு கட்டத்தில் அறிந்தும், நம்பிக்கையின்றிச் சாவை எதிர்நோக்குவது இன்னும் கொடியது என்று கருதி முகாமில் இருந்தவர்களிடம் சொல்லாமல் இருந்தார். இது பற்றிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அவரைப் பெரிதும் மதிக்கும் எனக்கும் இந்த இடத்தில் தெளிவு கிடைத்ததில்லை. விடுதலைக்குப் பின் 1945 கோடையில் லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முகாமில் எழுதத் தொடங்கிய நூலை அங்கே முடித்தார்; சின்சினாட்டியில் வகுப்பெடுத்தார்; 1956 நவம்பர் 2 அன்று காலமானார். அதே ஆண்டு, மான் தீவில் அடைபட்டிருந்த வான் டெர் சைல் முன்னின்று லண்டனில் ரபிகளுக்கான ஒரு கல்லூரியைத் தொடங்கியிருந்தார். பெர்லினில் மூடப்பட்ட உயர்கல்விக்கூடத்தின் வழித்தோன்றலாகவே அதை நிறுவியவர்கள் கருதினார்கள். தொடங்கிச் சில வாரங்களிலேயே அதற்கு லியோ பெக் பெயர் சூட்டப்பட்டது.

அந்தப் பெர்லின் கல்விக்கூடத்தில் படித்த ஒருவர் இந்த வரிசையில் இடம்பெறவே இல்லை. ரெகினா யோனாஸ் 1935இல் ரபிப் பட்டம் பெற்றார். அவ்வாறு பெற்ற முதல் பெண் அவரே. வயதான தாயோடு பெர்லினில் தங்கி, ரபிகள் வெளியேறிய சபைகளில் பணி செய்தார். 1942 நவம்பரில் தெரேசியன்ஷ்டாட்டுக்கும் 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். தெரேசியன்ஷ்டாட்டில் நிகழ்த்த எண்ணிய 24 உரைகளின் தலைப்புகளை அவர் கையால் எழுதிய தாள் ஒன்று எஞ்சியது. போருக்குப் பின் அவரைப் பற்றி ஏறக்குறைய யாரும் பேசவில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் ஆவணக்காப்பகத்தில் அவருடைய பட்டச் சான்றும் படமும் வெளிப்பட்டன. அவருடைய பெயரே தெரியாத காலத்தில், 1975இல், லண்டனின் லியோ பெக் கல்லூரி ஜாக்கி டாபிக் என்பவருக்குப் பட்டம் அளித்தது. பிரிட்டனின் முதல் பெண் ரபி அவர்.